டிசபிலிட்டி பென்ஷன் வழக்கு மறுபடி மெடிக்கல் போர்டுக்குப் போனால்

கேட்பவர் தில்லி முனிர்க்காவில் இருக்கிறார். மாமனார் மதராஸ் ரெஜிமென்ட்டில் 24 ஆண்டு இருந்து 2006-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர்; இப்போது மகள் வீட்டோடு இருக்கிறார். வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு (உடல்நிலையை மதிப்பிடும் ராணுவ டாக்டர்கள் குழு) பி.பி.க்கு 30 சதவீதம், இடுப்பு வலிக்கு 20 சதவீதம் என்று போட்டுவிட்டு, இரண்டுக்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டது; அதனால் டிசபிலிட்டி பென்ஷன் கிடைக்கவில்லை. இரண்டு அப்பீலும் தள்ளுபடி. ஆர்.கே. புரம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் போட்ட மனுவில், மறுபடி போர்டு கூட்டிக் காரணத்தோடு கருத்துச் சொல்லும்படி இப்போது உத்தரவாகியிருக்கிறது. "இது ஜெயிச்ச மாதிரியா, தோத்த மாதிரியா? எம்.ஆர்.ஐ. எல்லாம் புதுசா எடுத்து வைக்கணுமா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ.க்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். போர்டு பதில் சொல்ல வேண்டியது 2006-இல் வீட்டுக்கு அனுப்பிய நாளன்று இருந்த நோயைப் பற்றி. அறுபதைத் தாண்டிய முதுகெலும்பை இன்று படம் எடுத்தால் தேய்மானம் தெரியாமல் போகாது. ‘வயது காரணமான தேய்மானம்’ என்று ரேடியாலஜிஸ்ட் வழக்கமாக எழுதும் அந்த ஒரு வரி, நேராகப் போர்டின் காகிதத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். காசு கொடுத்து எதிர்த்தரப்புக்குச் சாட்சி சேர்த்த கதையாகிவிடும். உங்களுக்கு வேண்டியது பழைய காகிதம்.

ஜெயித்தீர்களா என்றால், பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள். பழைய போர்டின் முடிவு அப்படியே நிற்கத் தகுதியானது என்று தீர்ப்பாயம் நினைத்திருந்தால் மனுவைத் தள்ளியிருக்கும். காரணம் சொல்லாத மருத்துவக் கருத்து செல்லாது என்பது 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சேரும்போது உடம்பு சரியாக இருந்தது என்று எடுத்துக்கொண்டவர்களை, பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று சொல்ல வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் கொடு என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு வீர் பால் சிங் வழக்கில், மனநோய் என்று அனுப்பப்பட்ட ஒருவரை மறுபடி ரிவ்யூ மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும்படி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. உங்கள் மாமனாரின் வழக்கு போகும் தடம் அதுதான்.

இனி உத்தரவைக் கையில் எடுங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம் இருந்தாலும் கடைசி இரண்டு பத்திதான் வேலை செய்யும். அதில் போர்டிடம் என்ன கேட்டிருக்கிறது என்று ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். ‘பணியால் வந்ததா, பணியால் முற்றியதா என்று காரணத்தோடு கருத்துச் சொல்ல வேண்டும்’ என்றிருந்தால் நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பே இன்னும் திறந்திருக்கிறது. ‘குறைபாட்டின் தற்போதைய அளவை மதிப்பிட வேண்டும்’ என்று மட்டும் இருந்தால், தொடர்பு உண்டு என்று தீர்ப்பாயமே முடிவு செய்துவிட்டது. போர்டுக்குச் சதவீதம் போடும் வேலை மட்டும்தான், அதற்கு மேல் போய் ‘பணிக்குச் சம்பந்தமில்லை’ என்று எழுத அதிகாரம் கிடையாது. எழுதினால் அந்த ஒரு காரணத்துக்காகவே எதிர்க்கலாம். இந்த இரண்டு வகையும் குழம்பிப்போய், சதவீதம் மட்டும் கேட்ட வழக்கில் தொடர்பை நிரூபிக்க ஆறு மாதம் ஓடுபவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றும் பாருங்கள். மனுவை ‘முடித்து வைக்கிறோம்’ என்றிருக்கிறதா, அல்லது ‘அறிக்கை வந்ததும் விசாரிக்கப்படும்’ என்று தேதி கொடுத்திருக்கிறதா? நிலுவையில் வைத்திருந்தால் போர்டின் அறிக்கை தீர்ப்பாயத்துக்கே வரும், அங்கேயே ஆட்சேபம் போடலாம். முடித்து வைத்திருந்தால், ஜவானின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் புது உத்தரவு போடும். அது பாதகமாக வந்தால் அதுவே புது வழக்குக்கான அடிப்படை, அந்தத் தேதியிலிருந்து கணக்கு மறுபடி ஆரம்பிக்கும். எத்தனை மாதத்துக்குள் போர்டு கூட்ட வேண்டும் என்று உத்தரவில் காலக்கெடு இருந்தால் அதைப் பென்சிலால் சுற்றி வையுங்கள். கெடு தாண்டினால் நினைவூட்டல் கடிதம் ஒன்று, அதற்கும் பதிலில்லையென்றால் நிறைவேற்று மனு. வருடக்கணக்கில் காத்திருப்பதால் யாரும் இரக்கப்பட்டுக் கூப்பிடப் போவதில்லை.

எந்த விதியின்படி பார்க்க வேண்டும் என்பதில்தான் புதிய போர்டுகள் அடிக்கடி சறுக்குகின்றன. வெளியே வந்த தேதிதான் கணக்கு. 2007 டிசம்பர் 31 வரை வந்தவர்களுக்கு 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள். 2008 ஜனவரி 1 முதல் 2008 விதிகள். 2023 செப்டம்பர் 21 முதல் 2023 விதிகள். போர்டு இன்று கூடுகிறது என்பதற்காக 2023 விதியைத் தூக்கி 2006-இல் வந்தவர்மேல் போடக் கூடாது. உங்கள் மாமனாருக்கு 1982 விதிகள். அதில் 5-ஆம் விதி, சேரும்போது ஏதும் குறித்து வைக்காவிட்டால் உடம்பு நன்றாக இருந்ததாகக் கொள்ளச் சொல்கிறது. 9-ஆம் விதி, நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையதல்ல, சந்தேகத்தின் பலன் அவருக்கே என்கிறது. 14-ஆம் விதி நோய்களைப் பற்றியது: சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். 2008 விதிகள் இவ்வளவு தாராளமில்லை. வெளியே வந்து 15 ஆண்டு கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர் தலையில் விழும் என்று அதன் 7-ஆம் விதி சொல்கிறது. அந்த வகைக்காரர்கள் தாமதிக்கவே கூடாது. போர்டுக்குக் கொடுக்கும் மனுவின் முதல் பக்கத்திலேயே ‘இவர் வெளியே வந்த தேதி இது, பொருந்தும் விதிகள் இவை’ என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

அடுத்து ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. ரிலீஸ் மெடிக்கல் போர்டின் நடவடிக்கைகள் எழுதப்படும் படிவம் இது. உங்கள் வழக்கின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் முதல் பகுதி ஜவானின் சொந்த வாக்குமூலம்: எங்கெங்கே எத்தனை நாள் இருந்தார், அது பீஸா ஃபீல்டா (அமைதிப் பகுதியா, களப் பகுதியா), சேர்வதற்கு முன் ஏதாவது நோய் உண்டா, நோயை வரவழைத்த அல்லது அதிகமாக்கிய சம்பவம் உண்டா என்று கேள்விகள் இருக்கும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில், கிளார்க் நிரப்பியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம். இந்தியும் இங்கிலீஷும் தடுமாறுகிற நம் ஊர் ஜவான்கள் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். சம்பவம் கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்றிருக்கும். அவரைக் கேட்டால் பனியில் விழுந்ததைப் பத்து நிமிஷம் சொல்வார்.

கடைசிப் பகுதியில் ஒரு அட்டவணை. ஒவ்வொரு நோய்க்கும் எதிரே பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, பணிக்குச் சம்பந்தமில்லையா என்று மூன்று கட்டம், பிறகு காரணம். முதல் இரண்டிலும் ‘இல்லை’ போட்டதைத்தான் பட்டாள வட்டாரத்தில் ‘நெய்தர் அட்ரிபியூட்டபிள் நார் அக்ரவேட்டட்’ என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நானா’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது ‘உனக்கு நோய் வர நானா காரணம்?’ என்று சர்க்கார் கேட்பது போலவே கேட்கும். அதற்குக் கீழே மொத்தச் சதவீதம், எத்தனை காலத்துக்கு, பென்ஷனுக்குத் தகுதியான நிகரச் சதவீதம் என்று வரும். பி.பி. 30, இடுப்பு 20 என்று மேலே இருந்தாலும் நிகரம் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் மாற்ற வேண்டியது அந்த ‘நில்’.

இப்போது விஷயத்தின் அடிவேருக்கு வருகிறேன். பி.பி. கேஸில் போர்டு எழுதும் வழக்கமான காரணம் ‘நோய் தொடங்கியது பீஸ் ஸ்டேஷனில்’. மருத்துவ அதிகாரிகளின் வழிகாட்டி நூல் 2002 பதிப்பிலும் 2008 திருத்தத்திலும் 43-ஆம் பத்தி ரத்த அழுத்தத்தைப் பற்றியது. ஃபீல்டு, உயரமான மலைப்பகுதி, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை போன்ற இடங்களில் தொடங்கியிருந்தால் பணியால் அதிகமானது என்று ஏற்கலாம் என்பது அதன் போக்கு. அப்படியானால் எந்தத் தேதியில், எந்த ஊரில் தொடங்கியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் போர்டு தொடக்கத் தேதியாக எதை எழுதுகிறது? பெரும்பாலும் நிரந்தர லோ மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதி குறைந்தவர் என்ற தரம்) கொடுத்த தேதியை, அல்லது ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதியை. பி.பி. அப்படி ஒரே நாளில் கேட்டகரி ஆகாது. ஃபீல்டில் ரெஜிமென்ட் டாக்டர் ஒரு நாள் தலைவலிக்காகப் பார்க்கும்போது 150/100 என்று எழுதியிருப்பார். பிறகு ஒரு ஃபீல்டு ஆஸ்பத்திரி, பிறகு 24 வாரத் தற்காலிகக் கேட்டகரி, அது முடிவதற்குள் யூனிட் பீஸ் ஸ்டேஷனுக்கு மாறியிருக்கும், அங்கே நிரந்தரக் கேட்டகரி. போர்டின் கண்ணில் படுவது கடைசிப் படி மட்டும்.

உதாரணத்துக்கு, படிவத்தில் ‘தொடக்கம்: 2001, புனே’ என்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1999-இல் காஷ்மீரில் எழுதிய ஒரு சிக் ரிப்போர்ட் (உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனதற்கான சீட்டு), அல்லது ஃபீல்டு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, அல்லது முதல் தற்காலிகக் கேட்டகரிக்கான காகிதம் கையில் கிடைத்தால் அந்த ‘காரணம்’ கட்டம் அப்படியே சரிந்துவிடும். இந்த ஒரு தாளுக்கு உள்ள கனம், இன்றைக்கு எடுக்கும் முப்பது டெஸ்ட்டுக்கும் சேர்த்துக் கிடையாது. அந்த மாதிரித் தாள் கிடைக்காவிட்டாலும், பீஸ் ஸ்டேஷன் என்ற ஒரு சொல் மட்டும் காரணமாகாது. நோயாளியின் பணிக்கும் நோய்க்கும் ஏன் தொடர்பில்லை என்று சொல்ல வேண்டும் என்று வாதிடலாம். ஆனால் தாள் இருந்தால் வாதமே தேவைப்படாது.

தாளை எங்கே தேடுவது? ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் தொடங்குங்கள். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. செகந்தராபாத், பீரங்கிப் படை நாசிக் ரோடு. சும்மா ‘எல்லா மருத்துவ ஆவணங்களும் வேண்டும்’ என்று எழுதினால் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 ஒன்றை மட்டும் நகலெடுத்து அனுப்பிவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: சேரும்போது எடுத்த ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-2ஏ, கேட்டகரி போர்டுகளின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15 ஒவ்வொன்றும் தேதிவாரியாக, ஸ்பெஷலிஸ்ட் கருத்துகள், ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், அடிபட்டிருந்தால் ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்ற காயம்பட்ட அறிக்கை, போஸ்டிங் விவரம் பீஸ் ஃபீல்டு குறிப்போடு, இரண்டு அப்பீல் கமிட்டிகளும் முடிவெடுத்தபோது வைத்திருந்த டாக்டர் குறிப்புகள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். தன் சொந்த மருத்துவக் காகிதத்தைத் தானே கேட்பவரிடம் அந்தரங்கம் என்று சொல்லி மறுக்க முடியாது, அதனால் மனுவில் கையெழுத்து மாமனாருடையதாகவே இருக்கட்டும், மருமகனுடையதாக வேண்டாம். ‘ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன’ என்று பதில் வந்தால் மனம் உடைய வேண்டாம். எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி அழித்தார்கள் என்று மறுபடி கேளுங்கள். அவர்கள் கையில் இருந்த காகிதத்தைத் தொலைத்துவிட்டு, காகிதம் இல்லாததால் தொடர்பில்லை என்று சொன்னால், 9-ஆம் விதியின் சந்தேகப் பலன் அங்கேதான் வேலைக்கு வரும்.

ஊரில் தகரப் பெட்டியையும் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கேட்டகரி எழுதியிருக்கும். பழைய சிக் ரிப்போர்ட் துண்டு, மாத்திரை எழுதிய சீட்டு, ஃபீல்டிலிருந்து ‘பிரஷர் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்’ என்று வீட்டுக்கு எழுதிய இன்லேண்டு லெட்டர், தபால் முத்திரையோடு இருந்தால் அதுவும் உதவும். அது மருத்துவச் சான்று ஆகாது, ஆனால் தேதிக்குச் சான்று.

இடுப்பு விஷயம் வேறு மாதிரி. அடிபட்டதா, தேய்ந்ததா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். விழுந்து அடிபட்டிருந்தால் காயம்பட்ட அறிக்கை இருக்கும், அப்போது டியூட்டியில் இருந்தாரா, லீவில் இருந்தாரா என்பது கேள்வி. லீவில் ஊருக்கு வந்து மோட்டார் சைக்கிளில் விழுந்ததைப் பணியோடு கட்ட முடியாது. அதில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. அடிபடாமல் வந்த வலியென்றால் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்: மோர்ட்டார் தூக்கும் பிளட்டூனா, லாரி டிரைவரா, ஸ்டோர் கீப்பரா, எத்தனை வருஷம், எந்த நிலத்தில். ‘பட்டாளத்தில் கஷ்டப்பட்டேன்’ என்று பொதுவாக எழுதினால் படிக்கும் டாக்டருக்குப் பிடிமானம் இல்லை.

மற்ற நோய்களுக்கும் இதே கேள்வியோடு வருபவர்கள் இருப்பதால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு, இதய ரத்தக்குழாய் அடைப்பு என்றால் வழிகாட்டி நூலின் 47-ஆம் பத்தி. நோய் வந்த நாளுக்கு முந்தைய 14 நாள் என்ன டியூட்டி பார்த்தார் என்ற பட்டியலை யூனிட் கமாண்டிங் ஆபீசர் கொடுத்திருக்க வேண்டும். போர்டில் அந்தப் பட்டியலே வைக்கப்படாமல் ‘பீஸ் ஸ்டேஷன்’ என்று முடித்திருந்தால், திருப்பி அனுப்பிய வழக்கில் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அதுதான். மனநோய் என்றால் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10, அதாவது ஜவானின் நடத்தை, வேலை, வீட்டுப் பிரச்சினை பற்றிக் கமாண்டிங் ஆபீசர் ஆஸ்பத்திரிக்கு எழுதிய அறிக்கை. அதில் ‘நல்ல வேலைக்காரன், திடீரென்று மாறிவிட்டான்’ என்பது போல ஒரு வரி இருந்தால் தங்கம். ஆனால் 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனநோயைச் சேரும்போது கண்டுபிடிக்க முடியாமல் போகலாம், ஆகவே குறிப்பு இல்லை என்பதாலேயே பணியால் வந்ததாகிவிடாது என்று சொல்லியிருப்பதால், இங்கே வெறும் அனுமானத்தை நம்பி நிற்க முடியாது.

காது கேளாமை ஒன்றில்தான் புதிய பரிசோதனைக்கும் ஒரு வேலை உண்டு, ஏனென்றால் சத்தத்தால் போன காதும் வயதால் போன காதும் ஆடியோகிராமில் வேறு வேறு உருவத்தில் தெரியும். துப்பாக்கி, பீரங்கிச் சத்தத்தால் போனது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம்போல் இறங்கி 8,000-இல் கொஞ்சம் மேலே ஏறும். வயதால் போனது ஒரே சரிவாக இறங்கிக்கொண்டே போகும். வயது கூடக் கூட இரண்டும் கலந்து பள்ளம் மறைந்துவிடும் என்பதால், பழைய ஆடியோகிராம் இருந்தால் அதுதான் முதல் சாட்சி. புதிதாக எடுத்தால் முந்தின நாளிலிருந்து சத்தமில்லாத இடத்தில் இருந்துவிட்டுப் போங்கள். டிரில்லிங் நடக்கும் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை முடித்து நேராகப் போய் உட்கார்ந்தால் அளவு தப்பும்.

தனியார் டாக்டர் கருத்து வாங்கலாமா? வாங்கலாம், அளவோடு. மருத்துவப் போர்டின் கருத்துக்கே முன்னுரிமை என்பது தீர்ப்பாயத்தின் நிலை. வெளி டாக்டரின் கடிதம் அதைத் தோற்கடிக்காது. போர்டு பதில் சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வியை எழுப்பும், அவ்வளவுதான். அதற்கே கடிதம் சரியாக இருக்க வேண்டும். எய்ம்ஸ் ஓ.பி. சீட்டில் ‘ஹெச்.டி.என்., சின்ஸ் 1999’ (1999 முதல் ரத்த அழுத்தம்) என்று எழுதி வாங்கி வருகிறார்கள். அது நீங்கள் சொன்னதை டாக்டர் எழுதியது, கருத்து அல்ல. பயன்படுகிற கடிதத்தில் டாக்டர் எந்தெந்தப் பழைய ஆவணத்தைத் தேதியோடு பார்த்தார், அதில் கண்டது என்ன, அதனால் 2006-இல் இருந்த நோய் எப்போது தொடங்கியிருக்க வேண்டும், பணியின் எந்தச் சூழல் அதை அதிகமாக்கியிருக்கும், ஏன் என்று வரும். ‘மே பி’, ‘கேன் பி’ என்று முடியும் கடிதத்துக்குக் கொடுத்த ஃபீஸ் வீண். பழைய ஆவணம் கைக்கு வருவதற்கு முன்னால் டாக்டரிடம் போவதிலும் பயனில்லை.

எல்லாம் சேர்ந்ததும் போர்டுக்கு முன்னதாகவே எழுத்தில் கொடுங்கள். மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம்: உத்தரவில் கேட்ட கேள்வி, போஸ்டிங் பட்டியல், நோயின் முதல் குறிப்பு எந்தத் தேதியில் எந்த இடத்தில், பழைய போர்டு எழுதிய தேதி எப்படித் தவறு, இணைப்புகளின் பட்டியல் பக்க எண்ணோடு. அழைப்பு அனுப்பிய ஆஸ்பத்திரிக்கும் ரெக்கார்ட்ஸுக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒவ்வொரு செட். மூன்றாவது செட்டைப் போர்டு நாளன்று கையில் கொண்டுபோய்க் கொடுத்து நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் பிறகு ‘ஆவணம் எதுவும் தரப்படவில்லை’ என்று வரும்.

போர்டு நாளைக்கு ஒரு எச்சரிக்கை. பி.பி. அதிகமாகத் தெரிய வேண்டும் என்று நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வா என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பக்கவாதத்தில் முடியலாம், வழக்குக்கும் இதனால் ஒரு பைசா லாபமில்லை. பி.பி. என்பது மருந்துச் சீட்டிலும் பழைய பதிவிலும் ஏற்கெனவே இருக்கிறது. இதயம், சிறுநீரகம், கண்ணின் விழித்திரையில் அது செய்த வேலையை ஈ.சி.ஜி., சிறுநீர், ஃபண்டஸ் பரிசோதனையில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.  உத்தரவின் சான்றிட்ட நகல், டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவு, அடையாள அட்டை, ஆவணங்களின் மூலப்பிரதி, இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, இவை போதும். பழைய வாக்குமூலத்தில் தவறு இருந்தால் அன்றைக்கே எழுத்தில் திருத்தம் கொடுங்கள். இந்தியில் கேட்பது புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. தலையாட்டி வைப்பதுதான் ஆபத்து. உடம்பு முடியாமல் வர இயலாவிட்டால் முன்கூட்டியே மருத்துவச் சான்றோடு எழுதுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டால் ‘ஆஜராகவில்லை’ என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

சதவீதத்தில் ஒரு கண் வையுங்கள். பணிக்காலம் முடிந்து வந்தவருக்கு 20 சதவீதத்துக்குக் கீழே போட்டால் பென்ஷன் இல்லை. ஆகவே இடுப்புக்கு இருந்த 20 திடீரென்று 15 ஆகிறதா என்று பாருங்கள். இரண்டு நோயைச் சேர்க்கும்போது 30-உம் 20-உம் நேர்க் கூட்டலாக 50 ஆக வேண்டியதில்லை, குறைவாக வரலாம். அதனால் என்ன என்று விடாதீர்கள். 2001 ஜனவரி 31 அரசாணைப்படி 50-க்குக் கீழே உள்ளது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76 முதல் 100 வரை 100 ஆகவும் உயர்த்தப்படும். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் இந்த உயர்த்தல் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நூறு சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. கணக்குக்கு வசதியாகச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் நூறுக்கு 12,000. மொத்தம் 49 என்று போட்டால் அது 50 ஆகி மாதம் 6,000. 50 என்று போட்டால் 75 ஆகி 9,000. ஒரே ஒரு எண்ணில் மாதம் 3,000 ரூபாய் ஆயுளுக்கும் போகும். மொத்தச் சதவீதம் எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

போர்டு முடிந்ததும் நகல் கேட்டு எழுதுங்கள். மறுபடி ‘நானா’ என்றே வந்தால் ‘காரணம்’ கட்டத்தை மட்டும் படியுங்கள். உதாரணத்தில் சொன்ன 1999 தாள் போல நீங்கள் கொடுத்த பழைய தாளைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? இல்லாவிட்டால், காரணத்தோடு சொல் என்ற உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்பதே உங்கள் வாதம். பழைய முடிவை வேறு வார்த்தையில் எழுதியதற்காக மூன்றாவது போர்டு கேட்காமல், தீர்ப்பாயமே முடிவு செய்யும்படி கேளுங்கள். வழக்கு முடித்து வைக்கப்பட்டிருந்தால், புது மறுப்புக் கடிதத்துக்கு அப்பீல் போட்டுவிட்டுத்தான் மறுபடி தீர்ப்பாயம் போக முடியும். அப்பீலுக்கு 6 மாதம் வரை பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம், அடுத்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும்.

நிலுவையில் உள்ள மனுவை ‘வாபஸ் வாங்கிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் அரியர்ஸ் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். 2008-இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பைப் பின்பற்றிப் பொதுவாக மனு போட்ட தேதிக்கு முந்தைய 3 ஆண்டு அரியர்ஸ்தான் கிடைக்கிறது. 2021-இல் போட்ட மனு என்றால் 2018-லிருந்து; அதை விட்டுவிட்டு இன்று புதிதாகப் போட்டால் இடையில் உள்ள ஆண்டுகள் காற்றோடு போகும். இந்த அரியர்ஸில் இத்தனை சதவீதம் தா என்று பேரம் பேசும் வக்கீலிடமும் ஜாக்கிரதை. வழக்கின் பலனில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது.

சாதகமாக வந்தால் ரெக்கார்ட்ஸ் கோப்பை அனுப்பி, பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்குத் துறையின் வழியாகத் திருத்திய பி.பி.ஓ. பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் ஏறும். அதில் சதவீதம், தொடங்கும் தேதி, ‘ஆயுள் வரை’ என்ற சொல் மூன்றையும் உத்தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பர்ஷில் மாமனாரின் மொபைல் எண்ணும் வங்கிக் கணக்கும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். வயதானவர் என்பதால் இதையும் சொல்கிறேன்: வழக்கு நடக்கும்போதே அவருக்கு ஏதாவது ஆனால் மனு தானாக முடிந்துவிடாது. மாமியார் வாரிசாகச் சேர மனு போடலாம், போர்டும் ஆவணத்தை வைத்து மட்டுமே கருத்துச் சொல்லும். அப்போதும் கேட்கப்போவது அந்தப் பழைய தாளைத்தான், ஆகவே அதை லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மூலப்பிரதியைக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.